ஒரு கரண்டி சர்க்கரையும் ஐந்து மணி நேரமும் – ஒரு வரலாற்றுத் தேடல்



போன மாதம் எங்கள் விடுதி மெஸ்ஸில் ஒரு சின்ன சண்டை. நண்பன் ஒருவன் தன் டீயில் மூன்றாவது கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் கொண்டிருந்தான். எதிரில் இருந்தவன், "டேய், ஒரு கரண்டி சர்க்கரை சாப்பிட்டா அஞ்சு மணி நேரத்துக்கு உடம்புல நோய் எதிர்ப்பு சக்தியே இருக்காதாம். எனக்கு மெசேஜ் வந்துச்சு" என்றான். அதற்கு அவன், "அப்படின்னா நான் இருபது வருஷமா எதிர்ப்பு சக்தி இல்லாமலே உயிரோட இருக்கேனா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஆனால் அன்று இரவு எனக்குத் தாத்தாவின் நினைப்பாகவே இருந்தது.

என் தாத்தா கடலூர் மாவட்டத்தில் கரும்பு விவசாயி. முப்பது வருடத்துக்கு மேல் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவர். ஒருநாள் கரும்புச் சோகை உரிக்கும்போது காலில் லேசாகக் கிழித்துவிட்டது. விவசாயிக்கு இதெல்லாம் ஒரு காயமா? மஞ்சளை அரைத்து வைத்துக் கொண்டு மறுநாளும் வயலுக்குப் போய்விட்டார். வலியே இல்லை என்றார். பன்னிரண்டாம் நாள் கட்டை விரல் கறுத்துப் போய் வீச்சம் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி "என்ன கிழித்தது?" என்பதல்ல. "இவருக்கு எத்தனை வருஷமா சர்க்கரை இருக்கு?" என்பதுதான்.

எங்களுக்குத் தெரியாது. அதுவரை யாரும் பரிசோதித்துப் பார்த்ததே இல்லை. விரலை எடுத்துவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்த மனிதரின் காலில் ஒரு சின்னக் கீறல் ஏன் ஆறவில்லை? சர்க்கரைக்கும் கிருமிக்கும் என்ன உறவு? அந்த 'ஐந்து மணி நேரம்' உண்மையா, புரளியா? நான் வரலாறு படிக்கும் மாணவன், மருத்துவ மாணவன் அல்ல. அதனால் என் பாட வழியிலேயே தேடிப் பார்த்தேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எறும்பு சொன்ன ரகசியம்

கரும்பு நமக்குப் புதிதல்ல. அதியமானின் முன்னோர்கள் இந்த மண்ணுக்குக் கரும்பைக் கொண்டு வந்தார்கள் என்ற செய்தி புறநானூற்றிலேயே இருக்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலையை உலகத்துக்குக் கொடுத்தது இந்தியா. 'சர்க்கரா' என்ற வடமொழிச் சொல்தான் அரேபியா வழியாகப் போய் ஐரோப்பிய மொழிகளில் 'சுகர்', 'சுக்ர்' என்றெல்லாம் ஆனது. நாம் வெள்ளைச் சர்க்கரையைச் 'சீனி' என்கிறோம். அது சீனத்தை நினைவூட்டும் பெயர். சில வீடுகளில் பெரியவர்கள் இன்றும் 'அஸ்கா' என்பார்கள். அது அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில், கஞ்சம் மாவட்டத்தில் இருந்த அஸ்கா என்ற ஊரின் பெயர். அங்கிருந்த ஆலையின் சர்க்கரை நம் கடைகளுக்கு வந்ததால் ஊர்ப் பெயரே பொருளுக்கும் பெயராகிவிட்டது. இன்று அந்த ஊர் ஒடிசாவில் இருக்கிறது.

இனிப்பைக் கண்டுபிடித்த நாட்டிலேயே இனிப்பு நோயும் முதலில் கவனிக்கப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. சிலருடைய சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நம் பழைய வைத்தியர்கள் அந்த நோய்க்கு 'மதுமேகம்' என்று பெயர் வைத்தார்கள். மது என்றால் தேன். சரக சம்ஹிதை இந்த வகை நோய்களுக்குக் காரணமாக எதையெல்லாம் சொல்கிறது தெரியுமா? சுகமாக உட்கார்ந்தே இருப்பது, அதிகத் தூக்கம், தயிர், புது தானியம், வெல்லத்தால் செய்த பண்டங்கள். இன்றைக்கு மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவுரைப் பலகை மாதிரியே இல்லையா?

நம் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ள இன்னொரு செய்தியும் அந்த நூல்களில் இருக்கிறது. இந்த நோயாளிகளுக்கு உடம்பில் கட்டிகளும் புண்களும் வரும் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சரகர் ஏழு வகைக் கட்டிகளைச் சொல்கிறார். சுஸ்ருதர் பத்து வகையைச் சொல்கிறார். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. ஆனாலும் சிறுநீர் இனிக்கும் மனிதனுக்குச் சீழ்க்கட்டி வரும் என்ற தொடர்பு அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. நம் ஊர்ப் பாட்டிகள் பயத்தோடு சொல்லும் 'ராஜபிளவை' இந்த வகைதான். முதுகிலோ பிடரியிலோ பல வாய் வைத்து வரும் பெரிய சீழ்க்கட்டி அது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத்தான் அது அதிகம் வரும்.

அரண்மனைப் பண்டம் குடிசைக்கு வந்த கதை

சரி, அந்தக் காலத்தில் மதுமேகம் ஏன் பணக்காரர் வியாதியாக இருந்தது? காரணம் எளிது. சர்க்கரை விலை அதிகம். ஐரோப்பாவில் அதை மருந்துக் கடையில்தான் விற்றார்கள். மிளகு, கிராம்பு போல ஒரு வாசனைப் பொருளாகவே வைத்திருந்தார்கள்.

அதை மலிவாக்கியது மனித ரத்தம். 15ஆம் நூற்றாண்டில் மதீரா தீவிலும், பிறகு பிரேசிலிலும் கரீபியன் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்கள் உருவாயின. ஆப்பிரிக்காவில் இருந்து சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்ந்தது கரும்பு விளையும் மண்ணுக்குத்தான்.

அடிமை முறை ஒழிந்த பிறகு? நம்மவர்கள் போனார்கள். 1834 முதல் சுமார் நான்கரை லட்சம் இந்தியர்கள் மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டார்கள். சென்னையில் இருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பரில் முதல் கூலிகளை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. எல்லாமே கரும்புக்காக! அந்த மொரீஷியஸில் இன்று பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். கரும்பு வெட்டப் போன கைகளின் பேரன் பேத்திகள் இன்று அதே சர்க்கரைக்காக ஊசி போட்டுக் கொள்கிறார்கள். என்ன கொடுமை பாருங்கள்!

இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஆள் வருடத்துக்குச் சாப்பிட்டது சுமார் 4 பவுண்டு சர்க்கரை. 1800இல் அது 18 பவுண்டு. 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது 80 பவுண்டையும் தாண்டிவிட்டது. ராஜா சாப்பிட்டதை மில் தொழிலாளி டீயில் கலக்கிக் குடித்தான். ராஜாவுக்கு வந்த வியாதியும் பின்னாலேயே வந்தது.

வில்லிஸும் ஸ்லேரும்

ஐரோப்பாவில் இந்த நோயைப் பற்றி முக்கியமாகச் சொன்னவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1674இல், நோயாளியின் சிறுநீர் தேன் கலந்தது போல இனிக்கிறது என்று எழுதினார். (ருசி பார்த்துத்தான் எழுதினார். அந்தக் கால டாக்டர் வேலை அவ்வளவு சுலபமில்லை!) 1776இல் மாத்யூ டாப்சன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், ரத்தத்தின் தெளிநீரிலும் அந்த இனிப்பு இருப்பதைக் காட்டினார். அதாவது இது சிறுநீரகத்தோடு நிற்கும் கோளாறு இல்லை, உடம்பு முழுவதும் பரவிய கோளாறு என்பது தெரிய வந்தது.

வில்லிஸுக்குச் சர்க்கரையைக் கண்டாலே ஆகாது. பல் ஈறு அழுகும் ஸ்கர்வி நோய்க்கும் சர்க்கரைதான் காரணம் என்று பழி போட்டார். அது தவறு, வைட்டமின் சி இல்லாததுதான் காரணம் என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனால் வேடிக்கை அடுத்துதான் வருகிறது. 1715இல் ஃபிரடெரிக் ஸ்லேர் என்ற இன்னொரு மருத்துவர் வில்லிஸை மறுத்து, சர்க்கரைக்காக வக்காலத்து வாங்கி ஒரு புத்தகமே எழுதினார். அதில் சர்க்கரைப் பொடியால் பல் துலக்கச் சொல்கிறார்! ஒருவர் எல்லா நோய்க்கும் சர்க்கரையே காரணம் என்றார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் சர்க்கரையே மருந்து என்றார். 300 வருடம் ஆகியும் நம் செல்போனுக்கு வரும் மெசேஜ்கள் இந்த இரண்டு பேரையும் தாண்டி வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோமாவா, காசநோயா?

19ஆம் நூற்றாண்டில் ஒரு சர்க்கரை நோயாளியின் கதி என்ன? மயக்கம் வந்து சாவார். அதில் தப்பினால் கிருமி வந்து சாவார். சர்க்கரை நோயும் காசநோயும் சேர்ந்து வருவதை 11ஆம் நூற்றாண்டிலேயே பாரசீக மருத்துவ மேதை இபன் சினா குறித்திருக்கிறார் என்று மருத்துவ வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1934இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஹோவர்ட் ரூட், இந்த இரண்டு நோய்களின் உறவைப் பற்றி விரிவாக ஓர் ஆய்வு வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோமாவில் இருந்து தப்பிய சர்க்கரை நோயாளிக்குக் காசநோயில்தான் முடிவு என்பது போல இருந்தது என்று அவர் எழுதுகிறார்.

இடையில் ஒரு பெரிய வெற்றி வந்தது. 1921இல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் தேதி லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அப்போது அவன் எடை 30 கிலோ கூட இல்லை. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. கோலிப் என்பவர் மருந்தை இன்னும் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு, ஜனவரி 23 முதல் போட்ட ஊசிகள் வேலை செய்தன. சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான். அடுத்த வருடமே பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு.

இந்தக் கதை பாடப் புத்தகங்களில் இங்கே முடிந்துவிடும். அதற்கு மேலும் கொஞ்சம் இருக்கிறது. லியோனார்ட் தாம்சன் மேலும் 13 வருடம் வாழ்ந்து 1935இல், 26 வயதில் இறந்தான். கொன்றது கோமா அல்ல, நிமோனியா. நுரையீரலில் வந்த கிருமித் தொற்று. இன்சுலின் பாதிப் போரைத்தான் ஜெயித்தது. மீதிப் போர் கிருமியோடு இருந்தது. பென்சிலின் மருந்துக் கடைக்கு வர இன்னும் சில வருடங்கள் பாக்கி இருந்தன.

உடம்பின் காவல்காரர்கள்

சர்க்கரை இருந்தால் கிருமி ஏன் ஜெயிக்கிறது? இதைப் புரிந்து கொள்ள 1882க்குப் போக வேண்டும். இத்தாலியில் மெஸ்ஸினா என்ற கடற்கரை ஊரில் எலி மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிலும் நகரும் செல்கள் கூட்டமாகச் சூழ்ந்திருந்தன! அன்னியப் பொருளைத் தேடிப் போய் விழுங்கும் செல்கள் நம் உடம்பிலும் உண்டு என்று அவர் சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை. 1908இல் அதே கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த விழுங்கும் செல்களில் முதலில் களத்துக்கு வருபவை 'நியூட்ரோஃபில்' எனப்படும் வெள்ளை அணுக்கள். காலில் முள் குத்தினால் அவை நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். ஆபத்து எங்கே என்று மோப்பம் பிடிக்க வேண்டும். ரத்தக் குழாயில் இருந்து வெளியே வந்து அந்த இடத்துக்கு நகர வேண்டும். கிருமியை விழுங்க வேண்டும். விழுங்கியதை உள்ளே வைத்து வேதிப் பொருட்களால் கொல்ல வேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை பல நாள், பல மாதம் அதிகமாகவே இருந்தால் இந்த நான்கு வேலைகளும் கெடுகின்றன. அணுக்கள் மெதுவாக நகர்கின்றன, குறைவாக விழுங்குகின்றன. கொல்லும் வேதிப் பொருளைத் தயாரிக்க அணுவுக்கு ஒரு மூலப்பொருள் தேவை. மிதமிஞ்சிய சர்க்கரையை வேறொன்றாக மாற்றுவதற்கும் அதே மூலப்பொருள்தான் செலவாகிறது. ஆக, துப்பாக்கி இருக்கிறது, தோட்டா தீர்ந்துவிட்டது என்ற நிலை! கிருமியை அடையாளம் காட்டும் புரதங்களின் மேலேயும் சர்க்கரை ஒட்டிக் கொண்டு அவற்றைக் கெடுக்கிறது.

போதாக்குறைக்கு இன்னும் இரண்டு. காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் காவல்காரர்கள் வந்து சேரவே தாமதமாகிறது. நரம்புகள் மரத்துப் போவதால் வலியே தெரிவதில்லை. தாத்தா "வலியே இல்லை" என்று சொன்னபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். அந்த வலி இல்லாததுதான் ஆபத்தின் அடையாளம் என்று எங்களுக்கு யார் சொன்னது?

அளவு தெரிய ஒரு கணக்கு. ஆரோக்கியமான மனிதரின் உடம்பில் இருக்கும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில், வெறும் வயிற்றில், மொத்தமாக 4, 5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். ஒரு சின்னக் கரண்டி! உடம்பு இரவு பகலாகப் பாடுபட்டு அந்த ஒரு கரண்டி அளவைக் காப்பாற்றுகிறது. ஒரு 300 மில்லி கோலா பாட்டிலில் சுமார் 32 கிராம் சர்க்கரை. அதாவது ஏழெட்டு மடங்கு. ஆரோக்கியமான உடம்பில் இன்சுலின் வந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதைச் சரி செய்துவிடும். அந்த ஏற்பாடு பழுதாகும்போதுதான் பிரச்சினை.

அந்த 'ஐந்து மணி நேரம்' எங்கிருந்து வந்தது?

இப்போது நம் மெஸ் சண்டைக்கு வருவோம். அந்த மெசேஜுக்கு வேர் இருக்கிறது நண்பர்களே! அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லோமா லிண்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1973இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தன்னார்வலர்களுக்கு 100 கிராம் சர்க்கரை கொடுத்தார்கள். குளுக்கோஸ், பழச் சர்க்கரை, சாதாரணச் சர்க்கரை, தேன், ஆரஞ்சுச் சாறு என்று பல வகையில் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ரத்தம் எடுத்து, அதில் இருந்த நியூட்ரோஃபில்கள் எத்தனை பாக்டீரியாக்களை விழுங்குகின்றன என்று எண்ணினார்கள். எல்லா வகையிலும் எண்ணிக்கை குறைந்தது. முதல் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் அதிகமாகக் குறைந்தது. ஐந்து மணி நேரம் கழித்தும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. மாவுச்சத்து கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை.

இதுதான் மூலம். இதில் இருந்து நம் செல்போனுக்கு வருவதற்குள் என்னவெல்லாம் மாறியது என்று பாருங்கள்.

முதலாவது, 100 கிராம் என்பது 'ஒரு கரண்டி' ஆகிவிட்டது. உண்மையில் அது இருபது, இருபத்தைந்து கரண்டி! இரண்டாவது, 'குறைந்தது' என்பது 'இல்லாமல் போனது' ஆகிவிட்டது. மூன்றாவது, சோதனை நடந்தது உடம்பில் இருந்து எடுத்த ரத்தத்தில். சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குப் பிறகு சளி பிடித்ததா, காய்ச்சல் வந்ததா என்று அதில் பார்க்கவில்லை. சோதிக்கப்பட்டவர்களும் மிகச் சிலர். நான்காவது, தேனும் ஆரஞ்சுச் சாறும் கூட அதே விளைவைக் கொடுத்தன என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். 'சர்க்கரை விஷம், தேன் அமிர்தம்' என்று சொல்பவர்கள் இதே ஆய்வைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல வேடிக்கை!

ஆகவே, ஆரோக்கியமான ஒருவர் ஒரு லட்டு சாப்பிட்டால் அன்று மாலையே நோயில் விழுவார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தினமும், வருடக் கணக்காக, அளவுக்கு மீறிய இனிப்பு என்பது வேறு கதை. அது எடையை ஏற்றுகிறது. இனிப்புப் பானங்களை அதிகம் குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து கூடுகிறது. அந்த நோய் வந்த பிறகு, முன்பு சொன்ன நான்கு காவல் வேலைகளும் குலைகின்றன. பாதை இதுதான். ஐந்து மணி நேரப் பாதை அல்ல, பதினைந்து வருடப் பாதை. பரம்பரை, உடல் உழைப்பு, வயது, நாம் மூன்று வேளையும் சாப்பிடும் வெள்ளை அரிசி எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. சர்க்கரை ஒன்றே குற்றவாளி என்று சொன்னால் நானும் வில்லிஸ் ஆகிவிடுவேன்.

போர் செய்த பரிசோதனை

பதினைந்து வருடப் பாதையை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க முடியுமா? குழந்தைகளுக்குச் சர்க்கரை கொடுத்தும் கொடுக்காமலும் வளர்த்துப் பார்க்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் வரலாறு ஒருமுறை அதைச் செய்து காட்டியது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் 1940 ஜனவரியில் சர்க்கரைக்கு ரேஷன் கொண்டு வந்தது. போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. 1953 செப்டம்பரில்தான் சர்க்கரை ரேஷன் நீங்கியது. நீங்கியதும் மக்கள் சாப்பிட்ட சர்க்கரை நாள் ஒன்றுக்குச் சுமார் 40 கிராமில் இருந்து 80 கிராம் வரை, ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியது. ஆக, 1953க்குச் சற்று முன்பு கருவான குழந்தைகளும் சற்றுப் பின்பு கருவான குழந்தைகளும் ஒரே நாட்டில், ஒரே மாதிரிச் சூழலில், வெவ்வேறு அளவு சர்க்கரையோடு வளர்ந்தார்கள்.

எழுபது வருடம் கழித்து ஆய்வாளர்கள் அந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள். 2024இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வந்தது. கருவில் இருந்த காலமும் முதல் இரண்டு வயதும் ரேஷனுக்குள் கழிந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு. வந்தவர்களுக்கும் சுமார் 4 வருடம் தாமதமாகவே வந்தது. வரலாறு மாணவனாக எனக்கு இது பெருமை. ஒரு பழைய ரேஷன் உத்தரவின் தேதி இன்றைய மருத்துவக் கேள்விக்குப் பதில் சொல்கிறது!

இன்னொரு வரலாற்றுச் செய்தியும் சொல்ல வேண்டும். 1972இல் ஜான் யுட்கின் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் சர்க்கரையின் தீமைகளைப் பற்றிப் புத்தகம் எழுதி எச்சரித்தார். பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. 2016இல் பழைய கடிதங்கள் வெளிவந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு, இதய நோயில் சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கி எழுதுவதற்கு ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்கு 1960களில் பணம் கொடுத்திருக்கிறது. அந்தக் கட்டுரை 1967இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வெளிவந்தது. பணம் வந்த விவரம் அதில் இல்லை. ஸ்லேர் காலத்து வக்காலத்துக்குக் கூலி கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த வக்காலத்துக்குக் கிடைத்திருக்கிறது.

நம்ம ஊர்க் கணக்கு

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. பெரியவர்களில் 11.4 சதவீதம். காசநோயும் நம்மை விட்டுப் போகவில்லை. 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய காலம் முதல் நாம் அதோடு போராடிக் கொண்டிருக்கிறோம். சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு என்று 2008இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். 2012இல் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட காசநோயாளிகளில் 25 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதாவது நாலு பேரில் ஒருவர்! இன்னொரு நாலில் ஒரு பங்கினர் எல்லைக்கோட்டில் நின்றார்கள்.

2021 மறந்திருக்காது. கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை நோய் வந்தது. ஜூன் மாத முடிவுக்குள் நாட்டில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்துவிட்டது. அவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள். ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றிவிட்டது. காற்றில் எப்போதும் மிதந்து கொண்டிருக்கும் சாதாரணப் பூஞ்சைதான் அது. காவல் இல்லாத வீடு என்று தெரிந்ததும் உள்ளே புகுந்துவிட்டது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல செய்தியும் இருக்கிறது. குலைந்த காவலைப் பெரும்பாலும் மீட்க முடியும். அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்து கொண்ட சுமார் 2,500 சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது, 1999இல் வெளியானது. ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து இன்சுலின் கொடுத்துக் கட்டுக்குள் வைத்தபோது, மார்பெலும்புக் காயத்தில் ஆழமாகக் கிருமி பிடிப்பது 2 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கரை இறங்கினால் காவல்காரர்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

முடிவாக...

மெஸ்ஸில் சண்டை போட்ட இரண்டு நண்பர்களுக்கும் என் தீர்ப்பு இது. மெசேஜ் அனுப்பியவன் கணக்கில் தப்பு செய்தான், ஆனால் திசையைச் சரியாகக் காட்டினான். மூன்று கரண்டி போட்டவன் வாதத்தில் ஜெயித்தான், ஆனால் அவன் வயது இருபது. பதினைந்து வருடம் கழித்துத்தான் அவன் உண்மையில் ஜெயித்தானா என்பது தெரியும்.

சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து, உணவில் இருந்து கிடைக்கும் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 5 சதவீதம் என்றால் நாளைக்குச் சுமார் 25 கிராம், ஆறு சின்னக் கரண்டி. விடுதியில் நாங்கள் குடிக்கும் மூன்று டீயிலேயே அது தாண்டிவிடுகிறது. நான் எண்ணிப் பார்த்தேன்!

இந்தத் தேடலுக்குப் பிறகு நான் செய்த ஒரே காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவை வற்புறுத்தி வெறும் வயிற்றில் ரத்தம் பரிசோதிக்க அழைத்துப் போனேன். "எனக்கென்னடா, நல்லாத்தானே இருக்கேன்" என்றுதான் வந்தார். 118 காட்டியது. 126 வந்தால் நோய் என்பார்கள். 100க்குக் கீழே இருக்க வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கிறார். தாத்தாவுக்கு யாரும் செய்யாததை அப்பாவுக்குச் செய்தோம். இப்போது அவர் காலையில் ஆற்றங்கரை வரை நடக்கிறார். டீயில் அரைக் கரண்டிதான். "சப்புனு இருக்குடா" என்று திட்டிக் கொண்டே குடிக்கிறார்.

தாத்தா ஒன்பது விரலோடு இன்னும் வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் செருப்பு இல்லாமல் இறங்குவதில்லை. இரவு படுக்கும் முன் பாட்டி விளக்கைப் பிடித்து அவர் பாதம் இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுகிறார்.

உங்கள் வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், இந்த வாரம் ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள். அதற்கு ஐந்து மணி நேரம் கூட ஆகாது.